சாவி யார் இடுப்பில்?

என் தங்கை மகன் பாளையங்கோட்டையில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி விழாவுக்கு நாடகம் எழுதுகிற பொறுப்பு அவன் தலையில் விழுந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பணகுடிக்கு வந்தவன், சொதி சாப்பிட்ட கை காய்வதற்குள் நோட்டை எடுத்து நீட்டிவிட்டான். கதை இதுதான். செவ்வாய்க்குப் போகிற விண்கப்பல், உள்ளே ஆறு பேர். பாதி வழியில் ஒருவனுக்கு மனசு மாறிவிடுகிறது. கூட இருக்கும் ஒரு பெண்ணின் கழுத்தில் கத்தியை வைத்து, “கப்பலைப் பூமிக்குத் திருப்பு” என்கிறான். மீதி நாலு பேரும் ரெண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். கடைசியில் கெட்டவன் செத்துப்போக, மற்றவர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

“மாமா, நீங்க 26 வருசம் கப்பல்ல இருந்தவரு. இப்படி நடக்குமா? யாரு எந்தப் பக்கம் போவாங்க? கீழ இருக்கவங்களால என்ன செய்ய முடியும்? முடிவு சரியா இருக்கா?” என்று கேட்டான்.

அன்றைக்கு வாயால் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். நான் விண்வெளிக்காரன் இல்லை, எண்ணெய்க் கப்பலில் இன்ஜின் ரூம்காரன். மகேந்திரகிரியில் இன்ஜின் சோதனை நடக்கிற நாளில் மலைப் பக்கம் உறுமுவதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், கிடைத்ததை எல்லாம் வாசித்திருக்கிறேன். ஆனால் சோமாலியக் கொள்ளைக்காரர்கள் ஆடிய காலத்தில் ஏடன் வளைகுடாவை ஏழெட்டு தடவை கடந்தவன் என்பதால், அடைபட்ட கப்பலில் மனுசன் என்ன ஆவான் என்பதைக் கொஞ்சம் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மருமவனே, முதலில் அந்தக் கத்தியைக் கீழே போடு.

தரையில் ஒருவனை மடக்கிப் பிடிப்பது என்பது பாதி உன் பலம், பாதி பூமியின் பலம். உன் கால் தரையில் ஊன்றி நிற்பதால்தான் கை வேலை செய்கிறது. எடையில்லாத இடத்தில் ஒருத்தியின் கழுத்தை வளைத்துப் பிடித்தால் ரெண்டு பேரும் சேர்ந்து பம்பரமாகச் சுற்றுவார்கள். அவள் சுவரில் ஒரு உதை விட்டால் ரெண்டு பேரும் எதிர்ச் சுவரில் போய் மோதுவார்கள். கம்பியிலோ வளையத்திலோ பாதத்தை மாட்டிக்கொண்டுதான் அங்கே ஒரு ஸ்குரூவையே திருக முடிகிறது. கத்திச் சண்டையைப் பார்க்கிறவன் சிரித்துவிடுவான்.

துப்பாக்கி வைக்கலாமா என்று கேட்டாய். விண்வெளிக்குத் துப்பாக்கி போனது உண்மைதான். 1965-இல் லியோனவ், பெல்யாயெவ் என்ற ரெண்டு சோவியத் வீரர்கள் இறங்கவேண்டிய இடம் தவறி யூரல் மலைப் பக்கத்துக் காட்டில், ஓநாய் திரிகிற பனிக்குள் இறங்கினார்கள். அந்த அனுபவத்தின் பலனாக, 1986-லிருந்து பல வருசம் அவர்களுடைய சோயுஸ் விண்கலங்களின் அவசரப் பெட்டியில் மூன்று குழல் வைத்த ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. கரடிக்கும் ஓநாய்க்கும் வைத்தது அது. ஆனால் சினிமாவில் காட்டுவதுபோல் ஒரு ஓட்டை விழுந்ததும் ஆளை அப்படியே உறிஞ்சி வெளியே எடுத்துவிடாது. 2018 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸில் 2 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தது. காற்றழுத்தம் மெல்ல இறங்குவதைக் கீழே இருந்தவர்கள் கவனித்தார்கள். அவசரமில்லை என்று, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பக்கூட இல்லை. காலையில் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் விரலை வைத்துப் பார்த்தார், அப்புறம் பிசினில் நனைத்த துணியை வைத்து அடைத்தார்கள்.

அந்த ஓட்டை துரப்பணத்தால் போட்டது என்று தெரிந்த பிறகு நடந்ததுதான் உன் நாடகத்துக்கு ஆகும். யார் போட்டது? தரையில் தொழிலாளி செய்த தப்பா, மேலே இருந்தவர்களில் ஒருவர் வேண்டுமென்றே செய்ததா என்று ரஷ்யத் தரப்பில் பேச்சு எழுந்தது. பிறகு அமெரிக்க வீராங்கனை ஒருவர் மேலேயே பழி போட்டார்கள், நாசா மறுத்தது. அடைத்த ஓட்டை மாதக் கணக்கில் அப்படியே இருந்தது. எழுந்த சந்தேகம் வருசக் கணக்கில் இருந்தது.

சரி, கத்தியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை என்றால் அவன் எதைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுவான்?

நம்ம பக்கம் கொடைவிழா நின்றுபோன கோயில்கள் உனக்குத் தெரியும். வரி கட்டியதில் தகராறு, முதல் மரியாதையில் தகராறு. ஒரு கட்சிக்காரன் கோயில் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டில் படுத்துக்கொள்வான். யாரையும் அடிக்கவில்லை, வையவும் இல்லை. ஆனால் சுடலைமாடன் உள்ளே, ஊர் வெளியே. மேளத்துக்குக் கொடுத்த முன்பணம் போச்சு, வில்லுப்பாட்டுக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கடைசியில் வட்டாட்சியர் ஆபீசில் அமைதிக் கூட்டம் போட்டு, பூட்டு மேல் இன்னொரு பூட்டுப் போட்டு சீல் வைப்பார்கள். விண்கப்பலில் பணயம் என்பதும் சாவி விவகாரம்தான். ஒரே வித்தியாசம், அங்கே வட்டாட்சியர் கிடையாது.

சாவி என்று நான் சொல்வது கதவை. விண்கலத்தின் உள்கதவுகள் பலவும் அழுத்தத்தாலேயே இறுகுகிற வகை. 80 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கதவு என்றால் பரப்பு சுமார் அரைச் சதுர மீட்டர். ஒரு பக்கம் சாதாரணக் காற்றழுத்தம், மறுபக்கம் வெற்றிடம் என்றால் அதன்மேல் 5 டன் அழுந்தும். அவ்வளவுகூட வேண்டாம். அவன் பக்கத்து அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி, கதவும் அவன் பக்கமாகத் திறக்கிற மாதிரி இருந்தால், அரை டன் எடை கதவில் முதுகைச் சாய்த்து நிற்கும். நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும், கால் ஊன்ற இடமில்லாத ஊரில், அது அசையாது. தாழ்ப்பாளே வேண்டாம். ஒரு வால்வைத் திருகத் தெரிந்த மெக்கானிக் போதும்.

கதவு பற்றிய பயம் என் கற்பனை இல்லை. 1985-இல் அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டிலில் போன டெய்லர் வாங் என்ற விஞ்ஞானி, வருசக் கணக்கில் உழைத்துக் கொண்டுபோன சோதனைக் கருவி மேலே போனதும் வேலை செய்யாமல் நின்றதில் உடைந்துபோனார். பழுது பார்க்க அனுமதிக்காவிட்டால் நான் திரும்பி வரமாட்டேன் என்று கீழே சொல்லிவிட்டார். அனுமதித்தார்கள், மனுசன் சரிசெய்தும் காட்டினார். அதே வருசம் நவம்பரில் இன்னொரு ஷட்டில் பயணத்தின் தளபதி பிரூஸ்டர் ஷா, மேலே போனதும் வெளிக்கதவின் கைப்பிடிக்கு ஒரு பூட்டுப் போட்டார். தனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவர் கூட வந்திருந்தார் என்பதுதான் காரணம். ஷட்டிலின் அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. நம்ம வீட்டு அரிசிப் பானை அறைக்குப் போடுகிற மாதிரி ஒரு பூட்டு, கோடி கோடியாய்ச் செலவு செய்து அனுப்பிய கப்பலில். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, அடுத்த நிமிசம் வரவில்லை.

ஆக உன் ஆள் ஒரு பெட்டியில் இருக்கிறான், கூட ஒருத்தி. கதவு அடைத்தாயிற்று. காற்றைச் சுத்தம் செய்கிற எந்திரம் அவன் பக்கம். மீதிப் பேர் இன்னொரு பெட்டியில். இனி கணக்குப் போடு, நீ இயற்பியல்காரன். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுமார் 1 கிலோ கார்பன் டை ஆக்சைடை மூச்சாக விடுகிறான். அது அரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நாலு பேர் என்றால் நாளைக்கு ரெண்டே கால் கன மீட்டர். அவர்கள் இருக்கும் பெட்டி 100 கன மீட்டர் என்று வைத்துக்கொள். ஒரு நாள் முடிவில் காற்றில் 2 சதவீதத்துக்கு மேல், ரெண்டாம் நாள் முடிவில் 4 சதவீதத்துக்கு மேல். விண்வெளி நிலையத்தில் அரை சதவீதத்துக்கே தலைவலி என்று சொன்னவர்கள் உண்டு. 4 சதவீதம் என்பது தொழிற்சாலைகளில் ஆளை உடனே வெளியேற்றுகிற அளவு. ஆக்சிஜன் தீருவதற்கு ரொம்ப முன்னாலேயே, தாங்கள் விட்ட மூச்சிலேயே தாங்கள் மயங்கிப் போவார்கள். மயங்குவதற்கு முன் எரிச்சல் வரும், யோசனை குழம்பும். முக்கியமான முடிவை எடுக்கவேண்டிய நேரத்தில் நாலு பேருக்கும் புத்தி பாதிதான் வேலை செய்யும். உன் வசனத்தில் ரெண்டாம் நாள் யாரும் நீளமாகப் பேசக்கூடாது.

இதனால்தான் பூமியில் எழுதி வைத்த பேச்சுவார்த்தைப் பாடம் அங்கே செல்லாது. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்களைப் பணயம் பிடித்துக் கொன்ற கோரத்துக்குப் பிறகு நியூயார்க் போலீஸ்காரர்கள் ஒரு முறையை வகுத்தார்கள்: சுற்றி வளை, பேச்சுக் கொடு, நேரத்தை இழு. நேரம் போகப் போகப் பிடித்தவனுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், கோபம் இறங்கும். நமக்குத் தெரிந்த கதையையே எடு. 2000 ஜூலை 30-இல் வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைத் தாளவாடிப் பக்கத்திலிருந்து கடத்தினான், நவம்பர் 15-இல் விட்டான். 108 நாள். நக்கீரன் கோபால் காட்டுக்குள் போய்ப் போய் வந்தார், பிறகு பழ. நெடுமாறனும் போனார். ரெண்டு மாநிலமும் கொதித்தன. ஆனாலும் 108 நாள் இழுக்க முடிந்ததே, ஏன்? காட்டில் காற்று இருந்தது. தண்ணீர் இருந்தது. தூதர் போக ஒரு வழியும், திரும்பி வர ஒரு வழியும் இருந்தன. உன் கப்பலில் இந்த நாலில் ஒன்றும் இல்லை. நேரம் அங்கே யாருக்கும் சொந்தக்காரன் இல்லை.

“கீழ இருக்கவங்க” என்று கேட்டாயே, அவர்களுக்கு வருகிறேன். செவ்வாய்ப் பாதையில் ஒரு வார்த்தை போய்ச் சேர, கோள்கள் நிற்கிற இடத்தைப் பொறுத்து 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். பதில் வர அதே அளவு. அவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான் என்றால், அதற்குச் சமாதானம் அரை மணி நேரம் கழித்து வரும். அதற்குள் அவன் அழுது முடித்திருப்பான், அல்லது கதவுக்கு இந்தப் பக்கம் யாராவது ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான். நம்ம மங்கள்யானே உதாரணம். 2014 செப்டம்பர் 24 காலையில் அது செவ்வாயைச் சுற்றத் தொடங்க இன்ஜினை இருபது நிமிடத்துக்கு மேல் எரித்தது. சேதி வரப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல். பெங்களூரில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்ததெல்லாம் நடந்து முடிந்ததைத்தான். கட்டளைகளை எல்லாம் முன்கூட்டியே ஏற்றி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். எந்திரத்துக்குக் கட்டளையை முன்கூட்டி ஏற்றலாம். ஆறு மனுசருக்கு ஏற்ற முடியாது.

அடுத்து, அவன் கேட்கிறதே நடக்காத காரியம். “கப்பலைத் திருப்பு” என்கிறான். செவ்வாய்க்குப் புறப்பட்ட கப்பலை பணகுடி விலக்கில் பஸ்ஸைத் திருப்புகிற மாதிரித் திருப்ப முடியாது, எரிபொருள் அதற்கு இருக்காது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-இல் தொட்டி வெடித்தபோது அவர்கள் மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். அங்கேயே திரும்பி வரவில்லை, முன்னே போய் நிலாவைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்கள். ஆகவே உன் ஆளுக்கு மூளை இருந்தால் நடுவழியில் ஒன்றும் செய்யமாட்டான். செவ்வாய் நெருங்கும்வரை எல்லாரோடும் சிரித்துப் பேசி, சமைத்துப் போட்டு, காத்திருப்பான். இன்ஜினை எரிக்கவேண்டிய அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் கதவை அடைப்பான். “எரிக்காதே” என்பதுதான் அவன் கோரிக்கை. எரிக்காவிட்டால் கப்பல் செவ்வாயைத் தாண்டிப் போய்விடும். அதற்கென்றே போட்ட பாதையில் வந்திருந்தால் சூரியனைச் சுற்றி மறுபடி பூமிப் பக்கம் வரும். ஜப்பான்காரர்களின் அகாட்சுகி விண்கலம் 2010 டிசம்பரில் வெள்ளிக் கோளில் இன்ஜின் சரியாக எரியாமல் நழுவி, ஐந்து வருசம் சூரியனைச் சுற்றிவிட்டு 2015 டிசம்பரில்தான் மறுபடி வெள்ளியைப் பிடித்தது. அது ஆளில்லாக் கலம், அதனால் பிழைத்தது. உன் ஆள் யாரையும் கொல்லவேண்டாம், மிரட்டவும் வேண்டாம். கொஞ்ச நேரம் தாமதப்படுத்தினால் போதும், ஜெயித்துவிடுவான்.

அதைவிடப் பெரிய வசதி இதில் இருக்கிறது. உன் நோட்டில் நாலு பேர் ஏன் பிரிகிறார்கள் என்பதற்கு நீ எழுதிய காரணம் “மனிதாபிமானமா, கடமையா” என்பது. பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது. அப்படியெல்லாம் கப்பல் பிரியாது. எப்படிப் பிரியும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2011-இல் நான் ஒரு எண்ணெய்க் கப்பலில் செகண்ட் இன்ஜினியர், மொத்தம் 22 பேர். ஏடன் வளைகுடாவுக்குள் நுழைவதற்கு முன் முள்கம்பிச் சுருள் கட்டினோம். வேலைக்குப் போடுகிற பழைய பாய்லர் சூட் உடுப்பில் துணி அடைத்து, நம்ம ஊர் வயலில் நிற்கிற சோளக்கொல்லை பொம்மை மாதிரி ஆட்களைச் செய்து தளத்தில் நிறுத்தினோம். அப்புறம் சிட்டாடல். கொள்ளைக்காரன் ஏறிவிட்டால் எல்லாரும் ஓடிப்போய்ப் பூட்டிக்கொள்கிற அறை அது. எங்களுக்கு ஸ்டீயரிங் கியர் ரூம், கப்பலைத் திருப்புகிற எந்திரம் இருக்கும் அறை. உள்ளே பிஸ்கட், தண்ணீர், சேட்டிலைட் போன், ஒரு வாளி. இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே இருந்தால் ஏறியவனுக்குக் கிடைப்பது செத்த கப்பல். கடற்படை வந்து சுடலாம். ஆனால் ஒரு நிபந்தனை: கப்பல்காரர்கள் அத்தனை பேரும் உள்ளே இருக்கவேண்டும். ஒருவன் வெளியே மாட்டினாலும் கடற்படைக்காரன் ஏறமாட்டான். அந்த ஒருவனை வைத்து 21 பேரையும் கதவைத் திறக்க வைத்துவிடலாம்.

ஒத்திகை நடத்தினோம். மணி அடித்து ஐந்து நிமிடத்தில் தலை எண்ணினால் 21. எண்ணெய் பம்புகளைப் பார்த்துக்கொள்கிற பம்ப்மேனைக் காணோம். உவரிக்காரர், என்னைவிட மூத்தவர். பம்ப் ரூமில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கேப்டன் “மூடு” என்றார். தேர்ட் இன்ஜினியர் கதவு இடுக்கில் தோளைக் கொடுத்து நின்றான். ரெண்டு பேர் அவனை இழுத்தார்கள். இறுக்கிகளை முறுக்கவேண்டியது என் வேலை. முறுக்கினேன். ரெண்டு நிமிடத்தில் வெளியே இருந்து இரும்பில் தட்டுகிற சத்தம். ஒத்திகைதான், கடலில் ஒரு படகுகூட இல்லை. ஆனாலும் பாடமாக இருக்கட்டும் என்று கேப்டன் பத்து நிமிடம் திறக்கவிடவில்லை. தட்டுவது நிற்கவே இல்லை. அந்த அறையின் சூட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி மெஸ்ஸில் ரெண்டு மேஜை ஆகிவிட்டது. கேப்டன் செய்தது சரி என்பவர்கள் ஒரு பக்கம், தப்பு என்பவர்கள் ஒரு பக்கம். மூன்று வாரம், இறங்குகிற துறைமுகம் வரை அப்படியேதான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அங்கே கூத்தாடிகூட இல்லை, நாங்களே ரெண்டுபட்டோம். எனக்கு உறைத்தது பத்து நாள் கழித்துத்தான். தப்பு என்ற மேஜையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும், அதற்கு முந்திய மாதம் ஓவர்டைம் கணக்கில் வெட்டு வாங்கியவர்கள். சரி என்ற மேஜையில் ஒருத்தருக்குக்கூட வெட்டு இல்லை. நானும் அந்த மேஜைதான். கதவைப் பற்றி நாங்கள் பேசிய ஒவ்வொரு பேச்சும் ஓவர்டைமைப் பற்றிய பேச்சு. பம்ப்மேன் ரெண்டு மேஜைக்கும் வராமல் தட்டை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போய்விடுவார்.

அதனால் சொல்கிறேன், கப்பல் ரெண்டுபடுகிற கோடு பணயம் பிடிக்கிற அன்றைக்குப் போடுகிறது இல்லை. முன்னமே கிடக்கும், அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும். உன் நாலு பேரில் ரெண்டு பேருக்கு உள்ளூர வீட்டுக்குப் போகவேண்டும் என்று இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அந்த நேரத்தில் ஒருவன் கதவை அடைத்துக்கொண்டு “எரிக்காதே” என்கிறான். அவர்கள் வாயில் வருவது “கதவை உடைத்தால் உள்ளே இருக்கிறவளுக்கு ஆபத்து”. மனசில் இருப்பது வேறு. எதிர்க் கட்சிக்காரனுக்கு அது தெரியும், ஆனால் நிரூபிக்க முடியாது. உன் நாடகம் இங்கே இருக்கிறது. பிடித்தவனின் கோரிக்கை பாதிப் பேருக்கு இனிக்கவேண்டும்.

நான் சொல்வதற்கு என் கப்பலைவிடப் பெரிய சாட்சி உண்டு. அரிசோனாவில் 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் மூன்று ஏக்கர்க் கண்ணாடி வீட்டுக்குள் போய், ரெண்டு வருசத்துக்கு என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். பயோஸ்ஃபியர் 2 என்று பெயர். உள்ளேயே விவசாயம், உள்ளேயே காற்று. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றதில் காற்றில் அது சுமார் 21 சதவீதத்திலிருந்து 14-க்குப் பக்கத்தில் இறங்கியது, கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றவேண்டியதாயிற்று. சாப்பாடும் போதவில்லை. அதற்குள் எட்டுப் பேரும் நாலு நாலாகப் பிரிந்துவிட்டார்கள். வெளியே இருக்கும் நிர்வாகம் சொல்வதைக் கேட்பதா வேண்டாமா என்பதுதான் தகராறு. ஆனாலும் யாரும் யாருடைய பாத்தியையும் பிடுங்கவில்லை. பேசாமலேயே ஆட்டில் பால் கறந்தார்கள், பேசாமலேயே சேர்ந்து சாப்பிட்டார்கள், ரெண்டு வருசத்தையும் முடித்தார்கள். அதைவிட வேடிக்கை, 1994-இல் அடுத்த குழு உள்ளே இருந்தபோது முந்திய குழுவில் இருந்த ரெண்டு பேர் வெளியே இருந்து வந்து கதவைத் திறந்துவிட்டு, சில கண்ணாடிகளையும் உடைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்தவர்களின் பாதுகாப்புக்காக என்றார்கள். மறுபடி கதவு.

பிடிக்கிறவனே ஆளைப் பிரிக்கிற தந்திரமும் உண்டு. 2010 செப்டம்பரில் அஸ்பால்ட் வென்ச்சர் என்ற கப்பல் சோமாலியாக்காரன் கையில் சிக்கியது. 15 பேரும் இந்தியர்கள். அடுத்த ஏப்ரலில் பிணைப்பணம் வாங்கிக்கொண்டு கப்பலையும் 8 பேரையும் விட்டான், 7 பேரை விடவில்லை. இந்தியக் கடற்படை பிடித்த எங்கள் ஆட்களை விடு என்றான். அந்த ஏழு பேரும் வீடு திரும்ப 2014 அக்டோபர் ஆயிற்று. எங்கள் தொழிலில் அன்று இதைப் பேசாத மெஸ் இல்லை. எட்டில் ஒருத்தனாக இருப்பது நல்லதா என்று கேட்டால், நல்லதுதான் என்று வாய் சொல்லும். நீ உன் கதையில் உள்ளே இன்னொருவனையும் சேர்த்துவிட்டு, அவனை மட்டும் பாதியில் வெளியே விடச் சொல். அவன் வெளியே வந்ததும் அங்கே இருக்கிறவர்கள் அவனிடம் என்ன கேட்பார்கள் என்று எழுதிப் பார்.

உள்ளே இருக்கிறவள் எப்போதும் அழுதுகொண்டே இருக்கவேண்டும் என்றும் இல்லை. 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் ஒரு வங்கியில் நாலு ஊழியர்களை ஆறு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். அதில் ஒரு பெண் பிரதமருக்கே போன் போட்டு, எனக்குக் கொள்ளைக்காரனிடம் பயமில்லை, போலீஸ் உள்ளே பாய்ந்தால்தான் பயம் என்றாள். அதற்கு ஊர்ப்பெயரை வைத்து ஒரு வியாதிப் பெயரும் சூட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அவள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். சுடப்போவது யார், மூச்சைப் பகிர்ந்துகொள்வது யார் என்று பார்த்திருக்கிறாள். உன் கப்பலில் கதவுக்குப் பின்னால் இருந்து அவள் குரல் வரட்டும்: “உடைக்காதீங்க.” அது அவள் வார்த்தையா, அவன் சொல்லச் சொன்னதா? கேட்கிற நாலு பேரும் தங்களுக்கு வேண்டிய பதிலைத்தான் அதில் கேட்பார்கள்.

சட்டம் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அதை நாலு வரி ஆக்கு. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி கலத்தைப் பதிவு செய்த நாட்டுக்குத்தான் அதன்மேலும் உள்ளே இருப்பவர்கள்மேலும் அதிகாரம். விண்வெளி நிலையத்தில் 1998 உடன்படிக்கைப்படி அவரவர் நாடு அவரவர் ஆளை விசாரிக்கலாம். 1979-இல் ஐ.நா. பணயக்கைதி பிடிப்பதற்கு எதிராகத் தனி உடன்படிக்கையே போட்டது. தளபதிக்கு அவசியமான பலத்தைப் பயன்படுத்த உரிமை உண்டு. மேலே ஒருவருக்குப் புத்தி பேதலித்தால் ஒட்டுநாடாவால் கையையும் காலையும் கட்டி, ரப்பர்க் கயிற்றால் பிணைத்து, மயக்க ஊசி போடலாம் என்று நாசாவின் வழிகாட்டுதல் இருந்ததும் 2007-இல் வெளியே வந்தது. எல்லாம் சரிதான், ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பவன் கையில்தான் அந்த நாடா இருக்கிறது.

ஆகவே ஆளை மாற்று. பைத்தியக்காரனாக வைக்காதே, அது எழுதுகிறவனுக்குச் சோம்பல். காற்று எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக்காக வை. அவனுக்குத்தான் சாவி இயல்பாகவே கையில் இருக்கும். எல்லாருக்கும் பிடித்தவனாக இருக்கட்டும். யாருக்குப் பிறந்தநாள் என்று நினைவு வைத்திருப்பவனாக இருக்கட்டும். கம்பியில் ஆளைத் தொங்கவிட்டு மிதக்கிற மாதிரிக் காட்ட வேண்டாம், மேடையின் நடுவில் ஒரு கதவு போதும். இடப்பக்கம் நாலு பேர், வலப்பக்கம் வெளிச்சமே இல்லாமல் ரெண்டு குரல். ரெண்டாம் காட்சியிலிருந்து எல்லாரும் மூச்சைக் கொஞ்சம் வேகமாக விடட்டும்.

கட்டிப்பிடித்து அழுகிற முடிவைப் பற்றிக் கேட்டாய். நான்கைந்து வருசம் முன்னால் உவரி அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் பம்ப்மேன் என்னைப் பார்த்துவிட்டார். நரைத்துப் போயிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார், முழங்கால் வலியைச் சொன்னார். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, “அன்னைக்கு உள்ள இருந்து முறுக்குனது நீருதானவே?” என்றார். ஆமா அண்ணாச்சி என்றேன். சிரித்தார். டீக்குக் காசை அவர்தான் கொடுத்தார், என்னைக் கொடுக்க விடவில்லை. அவர் வீடு அங்கிருந்து ரெண்டு தெரு. வீட்டுக்கு வாரும் என்று சொல்லவில்லை.